கொழும்பில் தினமும் வேலைக்குச் சைக்கிளில் போவது சரிவருமா? கார்க் கதவில் அடிபட்ட பிறகு கேட்கிறேன்

கேட்டவர்: வெள்ளவத்தைப் பெடியன்

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், கொழும்புக்கு வந்து மூன்று வருடம். வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறேன், வேலை கோட்டைப் பக்கம். காலையில் பஸ்ஸில் போனால் நசிபட்டு நசிபட்டு ஒரு மணித்தியாலம் போய்விடும், ஓட்டோவுக்குத் தினமும் கொடுக்கச் சம்பளம் காணாது. ஊரில் பத்து வயதிலிருந்து எனக்குச் சைக்கிள்தான், பள்ளிக்கூடம், ரியூசன், கோயில் திருவிழா எல்லாத்துக்கும். அதனால் நாலு மாதத்துக்கு முன் ஒரு பழைய சைக்கிள் வாங்கி, வாரத்தில் மூன்று நாலு நாள் அதில் போய் வருகிறேன். ஒரு வழிக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவு வரும்.

போன செவ்வாய் பின்னேரம் வேலை முடிந்து வரும்போது பம்பலப்பிட்டிப் பக்கம் விழுந்துவிட்டேன். எல்லாரும் சொல்வதுபோல வீதி ஓரத்தோடு ஒட்டித்தான் வந்தேன், இடது பக்கம் வரிசையாகக் கார்கள் நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒன்றின் டிரைவர் கதவு பட்டென்று திறந்தது. பிரேக் பிடிக்கவே நேரம் இல்லை. கதவின் விளிம்பு ஹேண்டிலின் இடது முனையில் பட, சைக்கிள் இடது பக்கம் திரும்பியது, நான் வலது பக்கம் வீதிக்குள் போய் விழுந்தேன். பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அதன் முன் ரயர் என் காலிலிருந்து ஒரு முழம்கூட இல்லை, ரயரின் சூடு காலில் தெரிந்தது. சாப்பாட்டுப் பெட்டி உருண்டு போய் பஸ்ஸுக்குக் கீழே நின்றது. கார்க்காரர் இறங்கி, கதவில் கீறல் விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

மணிக்கட்டு வீங்கியது, எலும்பு முறியவில்லை என்று டொக்டர் சொன்னார். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன், திரும்ப ஏறினால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்கிறாள்.

நான் கேட்பது இதுதான். இந்த நகரத்தில் வருடக்கணக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்? ஊரில் ஓட்டிய ஓட்டம் இங்கே சரிவரவில்லை என்று எனக்கு விளங்குகிறது, ஆனால் எதை மாற்ற வேண்டும் என்று விளங்கவில்லை.

பதில்: பதினொரு வருட ஓட்டம்

தம்பி, முதலில் உயிரோடு இருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். நான் தெஹிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். நீங்கள் விழுந்த காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஓரத்தோடு ஒட்டிப் போனதுதான் காரணம்.

சைக்கிள் என்றால் ஓரமாகப் போ என்று சின்ன வயதிலிருந்து சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். ஊரில் அது சரி, அங்கே ஓரத்தில் மண்ணும் வேலியும்தான். கொழும்பில் ஓரம் என்பது நிறுத்திய கார், ஆள் இறக்கும் ஓட்டோ, பஸ் தரிப்பிடம், கடைக்குச் சாமான் இறக்கும் லொறி, வாய்க்கால் மூடி, எல்லாம் வந்து சேரும் இடம். பின்னால் வரும் வாகனத்துக்குப் பயந்து அதற்குள் ஒதுங்குகிறோம். பின்னால் வருகிறவனுக்கு உங்களை நேரே தெரியும், நாள் முழுக்க முன்னால் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறான். கதவைத் திறக்கிறவன்தான் உங்களைப் பார்க்காமல் திறக்கிறான்.

ஒரு கார்க் கதவு முழுதாகத் திறந்தால் ஒரு மீற்றர் அளவு வெளியே வரும். நிறுத்திய காரைக் கடக்கும்போது அந்தக் கதவு முழுதாகத் திறந்தாலும் படாத தூரத்தில் போங்கள், பின்னால் எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் சரி. கார்களுக்கு இடையில் இருபது முப்பது மீற்றர் வெளி கிடைத்தாலும் உள்ளே ஒதுங்கிவிட்டுத் திரும்ப வெளியே வருவது வேண்டாம். அந்த உள்ளே வெளியேதான் ஆபத்து, பின்னால் வருகிறவன் பார்வையில் நீங்கள் மறைந்து திடீரென்று முளைப்பீர்கள். ஒரே நேர்கோட்டில் போங்கள்.

காரைப் பார்த்துப் பழகவும் வேண்டும். பின் விளக்கு இப்போதுதான் அணைந்ததா, டிரைவர் சீட்டில் தலை தெரிகிறதா, பக்கக் கண்ணாடியில் ஒரு முகம் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதுதான் நின்ற ஓட்டோ என்றால் இரண்டு பக்கத்தாலும் ஆள் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் ஆறு மாதத்தில் கண்ணுக்குத் தானாக வந்துவிடும்.

பதில்: கொட்டாஞ்சேனை அக்கா

தம்பி, உங்கள் அக்கா சொல்வதைக் கேளுங்கள் என்றுதான் எழுத வந்தேன். மேலே அண்ணா எழுதியது எல்லாம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார், அதுதான் எங்கள் வீட்டில் நடந்தது.

என் சித்தப்பா முப்பது வருடம் சைக்கிள் ஓட்டியவர். இங்கே எங்கள் பக்கம் துறைமுகத்துக்குப் போய் வரும் கொள்கலன் லொறிகள் இரவு பகலாக ஓடும், அது கொழும்பு ஆட்களுக்குத் தெரியும். ஒரு நாள் கலர் லைட்டில் லொறி நின்றது, சித்தப்பா அதன் இடது பக்கத்தால் முன்னுக்குப் போய், லொறியின் முன் சில்லுக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாரும் செய்வதுதான், வெளி இருந்தால் முன்னுக்குப் போய் நிற்போம். பச்சை விழுந்தது. லொறி இடது பக்கம் திரும்பியது.

நீண்ட லொறி திரும்பும்போது முன் சில்லு போன பாதையில் பின் சில்லு போகாது. பின் சில்லு உள்ளே வெட்டிக்கொண்டு வரும், ஓரத்தை நோக்கி. முன் பகுதி உங்களைத் தாண்டிப் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும்போது பின் பகுதி வந்து சேரும். எங்கள் நாட்டில் டிரைவர் வலது பக்கம், அதுவும் உயரத்தில் இருக்கிறார், இடது கதவுக்குக் கீழே நிற்கிற ஆள் அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த டிரைவர் பொலிஸில் அழுதார். அவர் பொய் சொன்னார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை, அவர் உண்மையாகவே பார்க்கவில்லை.

சைக்கிளை வீட்டுக்குக் கொண்டு வந்து தந்தார்கள். கரியரில் கட்டியிருந்த பாண் அப்படியே இருந்தது. சித்தி அந்தச் சைக்கிளை யாருக்கும் கொடுக்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

நீங்கள் ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் இந்த ஒன்றையாவது கேளுங்கள். லொறிக்கும் பஸ்ஸுக்கும் இடது பக்கத்தால் ஒருநாளும் போகாதீர்கள், நின்றாலும் சரி, ஊர்ந்தாலும் சரி. பின்னால் நில்லுங்கள், இரண்டு நிமிடம் பிந்தினால் ஒன்றும் குறையாது. லொறியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

பதில்: பழைய பஸ் ஓட்டி

தம்பி, நான் தனியார் பஸ் இருபது வருடம் ஓட்டியவன், இப்போது விட்டுவிட்டேன். உங்களுக்குப் பின்னால் நின்ற பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன், அந்த டிரைவர் அன்று இரவு நித்திரை கொண்டிருக்க மாட்டார்.

பஸ்காரரைப் பற்றி எல்லாரும் ஏசுவார்கள், ஏசுவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஏன் அப்படி ஓட்டுகிறோம் என்று தெரிந்தால் உங்களுக்கு உதவும். வண்டிக்கு அன்றாடம் சேரும் காசில்தான் எங்கள் சம்பளம். பின்னால் அதே நம்பர் பஸ் வந்துவிட்டால் அடுத்த தரிப்பிடத்துச் சனம் அவனுக்குப் போய்விடும், அதனால் முந்திப் போய் இடது பக்கம் வெட்டி நிறுத்துகிறோம். அந்த நேரம் டிரைவரின் கண் தரிப்பிடத்தில் நிற்கிற ஆட்களில்தான் இருக்கும். இடையில் ஒரு சைக்கிள் இருக்கிறது என்பது கண்ணில் விழாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

பஸ் உங்களை முந்தும்போது கொண்டக்டரைப் பாருங்கள். அவர் உள்ளே காசு வாங்கிக்கொண்டு இருந்தால் பஸ் நேரே போகும். மிதிபலகைக்கு வந்து வெளியே சாய்ந்து ஊர்ப்பெயர் கூப்பிடத் தொடங்கினால், ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டால், அடுத்த ஐம்பது மீற்றருக்குள் இடது பக்கம் வெட்டும். உடனே மிதிப்பதை நிறுத்திப் பின்னால் விடுங்கள். தரிப்பிடத்தில் நிற்கும் பஸ்ஸுக்கு இடது பக்கத்தால் புகவே கூடாது, ஓடும் பஸ்ஸிலிருந்தே குதிக்கிற சனம் எங்கள் சனம்.

இன்னொன்று, நகருக்குள் 50 தான் வேகக் கட்டுப்பாடு. அந்த ஐம்பதிலேயே பஸ் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடும். நான் உங்களைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு வினாடி வேண்டும், அதற்குப் பிறகுதான் பஸ் நிற்கத் தொடங்கும், அதுவும் சனம் நிறைந்த பஸ். முப்பதில் வந்தால் நிறுத்தலாம். உங்களுக்கு அன்று நின்ற பஸ் மெதுவாக வந்திருக்க வேண்டும்.

பதில்: ரயில்தான் நல்லது

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில் இருக்கிறது, கடற்கரைப் பாதை, இருபது நிமிடம். உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை. அவ்வளவுதான் நான் சொல்வேன்.

கேட்டவர்: வெள்ளவத்தைப் பெடியன்

ரயில் அண்ணா, காலையில் நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். கதவில் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. வேலை சில நாள் இரவு ஒன்பதரைக்குத்தான் முடியும், அந்த நேரம் ரயிலுக்கு நின்று நின்று அலுத்துவிடும். சைக்கிள் என்றால் நான் நினைத்த நேரம் வெளிக்கிடலாம்.

கொட்டாஞ்சேனை அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நானும் கலர் லைட்டில் இடது பக்கத்தால் முன்னுக்குப் போய் நிற்கிறவன்தான். இனிச் செய்ய மாட்டேன்.

காலி வீதியை விட்டு, கடற்கரையோடு போகும் மரைன் டிரைவால் போனால் என்ன? யாராவது போகிறீர்களா?

பதில்: விடியக்காலைச் சைக்கிள்

நான் போகிறேன். வாரத்தில் ஐந்து நாள், வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை மரைன் டிரைவ். பெண் ஒருத்தி கொழும்பில் சைக்கிளில் வேலைக்குப் போவதா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் வீதி பாதி காலியாக இருக்கும், ஏழரைக்குப் பிறகு அது வேறு வீதி.

காலி வீதியைவிட நல்லது, ஆனால் அதற்கென்று சில பிரச்சினைகள் இருக்கின்றன. வடக்கு நோக்கிப் போகும்போது ரயில் பாதையும் கடலும் உங்கள் இடது பக்கம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து அடிக்கும். கட்டடம் ஒன்றும் மறைக்காது, நேரே இடது தோளில் வந்து தள்ளும். நீங்கள் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடிதான் ஓட்டுவீர்கள், திடீரென்று காற்று விட்டால் ஒரு பக்கம், ஓங்கி அடித்தால் மற்றப் பக்கம் என்று அலைவீர்கள். தள்ளும் திசை வீதியின் நடுப்பக்கம், அதாவது உங்களை முந்துகிற வாகனம் வரும் பக்கம். ஜூலை மாதத்தில் ஒரு நாள் வான் ஒன்று முந்தும்போது காற்று என்னைத் தள்ளி, என் முழங்கை அதன் பக்கத்தில் உரசியது. சட்டையின் கை கிழிந்தது, அவ்வளவோடு போனது. அன்றிலிருந்து பலத்த காற்று நாளில் கண்ணாடியில் பின்னால் பார்த்து, பெரிய வாகனம் வந்தால் வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து அது போகும்வரை நேரே போவேன். ஹேண்டிலில் ஒரு கண்ணாடி பூட்டுங்கள், வலது பக்கம். நான் வாங்கியவற்றில் மிகவும் பிரயோசனமான சாமான் அதுதான்.

ஒழுங்கைகளிலிருந்து வந்து ஏறும் வாகனங்களும் கவனம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் நிறைய, அதிலிருந்து வருகிறவர்கள் கார் வருகிறதா என்று பார்ப்பார்கள், சைக்கிள் கண்ணில் படாது. திரும்பி வரும்போது அந்த ஒழுங்கைகள் உங்கள் இடது பக்கம் இருக்கும், பின்னேரம்தான் கூடுதல் கவனம்.

பெண்கள் வாசித்தால் ஒன்று. சல்வார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிட்டு ஏறுங்கள். சங்கிலிக்குள் போனால் பின் சில்லு அந்த இடத்திலேயே இறுகிவிடும். ஓட்டோவில் வேண்டுமென்றே பக்கத்தில் வந்து கத்துகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மூன்று தரம் நடந்திருக்கிறது. நான் நிறுத்திப் பேசுவதில்லை, ஆட்கள் நிற்கிற ஒரு கடை வாசலுக்கு ஓட்டிப் போய் இறங்கிவிடுவேன், இலக்கத்தை எழுதிவைப்பேன். எனக்கு இதில் வருகிற கோபம் கொஞ்சமல்ல. கதவும் காற்றும் தெரியாமல் வருகிற ஆபத்து, இது ஒருவன் வேண்டுமென்றே செய்வது.

பதில்: சைக்கிள் வேலைக்காரன்

சைக்கிளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். புறக்கோட்டையில் சைக்கிள் திருத்துகிறேன். பழைய சைக்கிள் என்று எழுதியிருக்கிறீர்கள், கம்பி பிரேக்கும் இரும்பு ரிம்மும் உள்ள சைக்கிளாக இருந்தால் மழையில் பிரேக் பிடிக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிம் நனைந்தால் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் விழுந்து என்னிடம் சைக்கிளைக் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். மழை தொடங்கியதும் லேசாகப் பிரேக்கை அமர்த்தி அமர்த்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் அலுமினிய ரிம்முக்கு மாற்றுங்கள்.

கடற்கரைப் பாதை என்றால் உப்புக் காற்று பிரேக் வயரைத் தின்றுவிடும். வெளியில் பார்த்தால் நல்லாக இருக்கும், உள்ளே துருப்பிடித்து ஒரு நூல் ஒரு நூலாக அறும். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கள், பெரிய காசு இல்லை.

இரவில் வருகிறீர்கள், டைனமோவை நம்பாதீர்கள். சில்லு சுற்றினால்தான் அது எரியும், சந்தியில் நின்றவுடன் அணைந்துவிடும், நீங்கள் நிற்கும்போதுதான் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். பற்றரி சிவப்பு லைட் ஒன்றைப் பின்னால் பூட்டுங்கள்.

மழைத் தண்ணீர் நிற்கிற இடத்துக்குள் விடாதீர்கள், கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வாய்க்கால் மூடிகளில் கம்பி வீதியின் திசையிலேயே நீட்டாக இருந்தால் மெல்லிய ரயர் உள்ளே இறங்கும். மஞ்சள் கடவையின் பெயின்ற் மழையில் சவர்க்காரம் மாதிரி, அதில் பிரேக் பிடிக்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்.

பதில்: ஒல்லாந்திலிருந்து

பிறந்தது கொட்டாஞ்சேனை, இப்போது பல வருடமாக ஒல்லாந்தில். இங்கே பிள்ளைகள் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று சொன்னால், அது அவர்கள் நாடு அப்படி என்பீர்கள். முன்பு அது அப்படி இருக்கவில்லை. 1971 இல் இந்த நாட்டில் வீதி விபத்தில் 3000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400 க்கு மேல் சின்னப் பிள்ளைகள். தாய் தகப்பன்மார் வீதியில் இறங்கிப் போராடினார்கள். 1973 இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. காலியான வீதியைச் சனம் கண்ணால் கண்டது. அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் கூடுதலாக வரத் தொடங்கின.

2022 இல் நான் கொழும்புக்கு வந்திருந்தேன். கியூஆர் கோட் வைத்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் கொடுத்த நேரம். காலி வீதியில் டை கட்டிய ஆட்கள், ரீச்சர்மார், எல்லாரும் சைக்கிளில் போனார்கள், சைக்கிள் விலை கைக்கு எட்டாமல் ஏறியது. அந்த மாதங்களில் என் மச்சான் பயமில்லாமல் ஓட்டினான், சைக்கிள்கள் நிறைய இருந்தபடியால் டிரைவர்மார் எதிர்பார்த்து ஓட்டினார்கள். பெற்றோல் வந்தது, சைக்கிள்கள் பல்கனிக்குப் போய்விட்டன. அந்த நேரத்தில் வீதியில் ஒரு நிரலையாவது சைக்கிளுக்குப் பிரித்துத் தந்திருக்கலாம். எனக்கு அது இன்னும் மனதில் கிடக்கிறது.

கதவைப் பற்றி ஒன்று, இங்கே சாதாரணமாகச் சொல்லித் தருவார்கள். கதவுக்குத் தூரமாக இருக்கிற கையால் கதவைத் திற என்று. இங்கே டிரைவர் இடது பக்கம், வலது கையால் திறப்பார். இலங்கையில் டிரைவர் வலது பக்கம், இடது கையால் திறக்க வேண்டும். அப்படிக் கையை நீட்டினால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும், சைக்கிள் வருவது தெரியும். கார் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள், வீட்டில் ஓட்டுகிற எல்லாருக்கும் சொல்லுங்கள்.

பதில்: பதினொரு வருட ஓட்டம்

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியதை நான் விட்டதற்கு மன்னிக்க வேண்டும், அதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது.

தம்பி, இன்னொரு விஷயம். விழுந்தால் உடனே எழும்பி வெட்கத்தில் ஓடாதீர்கள். வாகன இலக்கத்தைப் படம் எடுங்கள், பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், அது இல்லாமல் காப்புறுதியில் ஒன்றும் கேட்க முடியாது. பலத்த அடி என்றால் 1990 க்குப் போன் எடுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. ஹெல்மெட் போடுங்கள். கதவில் பட்டு விழுந்தால் தலைதான் தாரில் அடிபடும், அன்றைக்கு உங்கள் தலை தப்பியது.

கேட்டவர்: வெள்ளவத்தைப் பெடியன்

எல்லாருக்கும் நன்றி. இன்று ஒன்று செய்தேன். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் இருந்து, வழி முழுக்க நிறுத்தியிருந்த கார்களைப் பார்த்துக்கொண்டு போனேன். வெள்ளவத்தைச் சந்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் மட்டும் ஏழு கதவு திறந்ததைக் கண்டேன். திரும்பிப் பார்த்துவிட்டுத் திறந்தவர் ஒருவர்தான்.

மணிக்கட்டு சரியாக இன்னும் பத்து நாள் வேண்டும். அதுவரை ரயில். பிறகு மரைன் டிரைவ், காலை ஆறு மணி. கண்ணாடியும் பின் லைட்டும் வாங்கிவிட்டேன், சைக்கிளைப் புறக்கோட்டை அண்ணாவிடம் கொண்டு வருகிறேன், பிரேக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த பஸ் டிரைவரின் பெயர் கேட்டாயா, கோயிலில் ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும் என்றார். நான் கேட்கவில்லை. வாகன இலக்கம் நினைவில் இல்லை, 101 ரூட் பஸ் என்று மட்டும் தெரியும். செவ்வாய் பின்னேரம் ஆறு மணி அளவில் பம்பலப்பிட்டியில் ஒரு பெடியனுக்காக பஸ்ஸை நிறுத்திய ஆளை யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

பதில்: பழைய பஸ் ஓட்டி

அந்த ரூட்டில் ஓடுகிற பெடியன்மார் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். நாளைக்கு ஸ்டாண்டில் கேட்டுப் பார்க்கிறேன் தம்பி.